மடிநோய்க்கு ஊசி போட்டோம், காய்ச்சல் இறங்கியது; காம்பு ஏன் இளகவில்லை?

ஈரோடு பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கன்று ஈன்று மூன்று வாரமான கலப்பினப் பசு. இடது பின்காம்பில் பால் திரிதிரியாக வந்திருக்கிறது; மடி வீங்கி, தொட்டால் சுட்டிருக்கிறது; மாடு தீனி எடுக்காமல் காய்ச்சலோடு நின்றிருக்கிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் கிடைக்கவில்லை. மருந்துக்கடையில் சொல்லி நீண்ட நேரம் வேலை செய்யும் வகை ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் குப்பி வாங்கி, வீட்டுக்காரரே 10 மில்லி எடுத்துப் பின்தொடையில் போட்டுவிட்டார். மறுநாள் காய்ச்சல் விட்டது, மாடு தின்றது. நான்காம் நாள் அதே காம்பு மறுபடியும் கல்லாக இருக்கிறது. இன்னொரு ஊசி போடலாமா, பாலை எப்போது சொசைட்டிக்கு ஊற்றலாம், குப்பியில் மீதி இருப்பதை வெள்ளாட்டுக்கும் வீட்டு நாய்க்கும் போடலாமா என்று கேட்கிறார்.

சகோதரி, பாலில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது இன்று மாலைக் கறவைக்குள் முடிவாக வேண்டிய விஷயம். சொசைட்டிக்கு ஊற்ற வேண்டாம். நன்றாக இருக்கும் மூன்று காம்புகளின் பாலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தசையில் போட்ட மருந்து ரத்தத்தோடு கலந்து நான்கு காம்புக்கும் போகும். நோய் இருக்கும் காம்பைத் தேடி மட்டும் போகாது. எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்பது குப்பியின் லேபிளில் இருக்கும். நம் நாட்டு மருந்து விதிகளில், உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கான மருந்தில் இந்த நாள் கணக்கை அச்சிட வேண்டும் என்று 97-ஆம் விதி சொல்கிறது. லேபிளில் இல்லாவிட்டால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். முதல் ஊசியிலிருந்து எண்ணக்கூடாது, கடைசி ஊசியிலிருந்து எண்ண வேண்டும்.

காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று பலரும் நம்புகிறார்கள். முழுவதும் போகாது. மருந்து கலந்த பாலில் உறை ஊற்றினால் பல நேரம் தோயாமல் தண்ணீராகவே நிற்கும், தயிராக்கும் நுண்ணுயிரையும் மருந்து கொன்றுவிடுவதால். அதற்காக, தயிர் தோய்ந்துவிட்டது, ஆகவே பால் சுத்தம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தயிர் தோயும் அளவு மருந்து கூடச் சட்டம் அனுமதிக்கும் அளவைவிட அதிகமாக இருக்கலாம். போட்டது பெனிசிலின் வகையாக இருந்தால், அதற்கு ஒவ்வாமை உள்ள ஒரு குழந்தைக்கு அந்த மிச்சமே போதும். கன்றுக்கும் அந்தப் பாலைக் கொடுக்க வேண்டாம். கொட்டிலுக்குள் கொட்டாமல் தள்ளிக் குழி தோண்டி ஊற்றுங்கள். ஒரு வாரப் பால் போவது உங்களுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும். அதனால்தான், எந்த மருந்து, எத்தனை நாள் என்பதைத் தொடக்கத்திலேயே சரியாக முடிவு செய்ய வேண்டும் என்கிறேன்.

அடுத்து அளவு. உங்கள் மாட்டுக்கு 10 மில்லி என்று கடைக்காரர் எந்தக் கணக்கில் சொன்னார்? மாட்டின் எடையைக் கேட்காமல் எந்த ஊசிக்கும் அளவு சொல்ல முடியாது. தராசு வேண்டாம், தையல் டேப் இருந்தால் போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை அங்குலம் என்று பாருங்கள். பிறகு தோள்பட்டை முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம் பாருங்கள். நெஞ்சுச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வரும். சுற்றளவு 66, நீளம் 56 அங்குலம் என்றால் சுமார் 370 கிலோ. ஒரு நடுத்தரக் கலப்பினப் பசு இந்த அளவில் இருக்கும். நீங்கள் வாங்கிய மருந்து மில்லிக்கு 200 மில்லிகிராம் வீரியமாக இருந்தால், கிலோவுக்கு 20 மில்லிகிராம், அதாவது பத்துக் கிலோவுக்கு ஒரு மில்லி என்பதுதான் வழக்கமான கணக்கு. 370 கிலோவுக்கு 37 மில்லி. அதையும் ஒரே இடத்தில் இறக்கக்கூடாது. ஓரிடத்தில் 10 மில்லிக்கு மேல் போகாமல் நான்கு இடமாகப் பிரிக்க வேண்டும். உங்கள் மாட்டுக்குப் போனது தேவையில் கால் பங்குக்குச் சற்றே அதிகம்.

அப்படியானால் காய்ச்சல் எப்படி விட்டது? மடிநோயில் காய்ச்சல் ஒன்றிரண்டு நாளில் தானாகவும் இறங்கும், குறிப்பாக ஈ.கோலை கிருமியால் வரும்போது. மாட்டின் உடலே போராடி அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடும். காய்ச்சல் விட்டது ஊசியின் வேலை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், மருந்தை நிறுத்திவிடுகிறோம். குறைந்த அளவு மருந்தில் எளிதில் சாகும் கிருமிகள் சாகும், தாக்குப்பிடிப்பவை மடிக்குள் தங்கிப் பெருகும். அடுத்த முறை அதே மருந்து கேட்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் கிருமி மாட்டோடு நிற்பதில்லை. கறப்பவர் கைக்கும் வரும்.

கிருமியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், உங்கள் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது. நம் ஊர் மடிநோயில் அதிகம் பார்ப்பவை ஸ்டெபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ.கோலை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பெனிசிலின் வகைக்குப் பெரும்பாலும் கட்டுப்படும். ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் மடித் திசுவுக்குள் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகளைக் கட்டிக்கொண்டு அதற்குள் பதுங்கும், செல்லுக்குள்ளேயே புகுந்தும் இருக்கும். மருந்து அருகில் போகவே சிரமப்படும். காம்பு கல்லாகி, இளகி, மறுபடி கல்லாவது பெரும்பாலும் இதன் குணம். மருந்துகளும் எல்லாம் ஒன்றுபோல மடிக்குள் போவதில்லை. ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்றவற்றைத் தசையில் போட்டால் ரத்தத்தில் நன்றாக இருக்கும், பாலுக்குள் மிகக் குறைவாகவே இறங்கும். அதனால்தான், மாடு தெம்பாக இருந்து ஒரு காம்பில் மட்டும் பால் திரிந்தால், ஊசியைவிடக் காம்புத் துவாரம் வழியாக மடிக்குள் ஏற்றும் ட்யூப் மருந்தை டாக்டர் முதலில் எடுப்பார். காய்ச்சல், தீனி எடுக்காமை, மடி முழுதும் வீக்கம் என்றால் ட்யூபோடு ஊசியும் சேரும்.

ஆகவே இன்னொரு ஊசி போடுவதற்கு முன்னால் பாலைச் சோதனைக்கு அனுப்புங்கள். மடியைக் கழுவி, துடைத்து, காய விட்டு, காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் நன்றாகத் தேயுங்கள். முதல் நாலைந்து பீச்சலைத் தனியாக விட்டுவிடுங்கள். கிருமி நீக்கிய சிறு புட்டியைச் சாய்த்துப் பிடித்து, விளிம்பில் காம்பு படாமல் 5 முதல் 10 மில்லி பீச்சி, உடனே மூடி ஐஸ் போட்ட டப்பாவில் வையுங்கள். மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலோ, கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மையத்திலோ எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்த்துச் சொல்வார்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை டாக்டர் அனுபவத்தை வைத்து ஒரு மருந்தைத் தொடங்குவார், முடிவு வந்ததும் தேவைப்பட்டால் மாற்றுவார். ஏற்கெனவே போட்ட ஊசி எது, எப்போது, எவ்வளவு என்று அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று தயங்க வேண்டாம். போட்ட மருந்தால் சோதனையில் கிருமி வளராமல் போகலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கிடையில் நீங்கள் செய்யக்கூடியது: அந்தக் காம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முழுவதும் பீச்சி எடுங்கள், கடைசியாகக் கறங்கள், கறந்த கையோடு மற்ற மாட்டைத் தொடாதீர்கள். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துத் தண்ணீர் சேர்த்து மடியில் பூசும் முறையைத் தேசிய பால்வள வாரியமும் பரிந்துரைக்கிறது. ஆரம்ப நிலையில், மாடு தெம்பாக இருக்கும்போது இது உதவும். காய்ச்சலோடு படுத்துவிட்ட மாட்டுக்கு இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

ஊசி போட்ட இடத்தைப் பற்றியும் பேச வேண்டும். பின்தொடையில் காலுக்குப் போகும் பெரிய நரம்பு ஓடுகிறது. ஊசி அதில் பட்டால் மாடு காலை இழுத்து நடக்கும், மெலிந்த ஆட்டிலும் கன்றிலும் ஆபத்து இன்னும் அதிகம். கழுத்துதான் நல்ல இடம்: தோள்பட்டைக்கு ஒரு சாண் முன்னால், பிடரிக்குக் கீழே, கழுத்தெலும்புக்கு மேலே இருக்கும் முக்கோணத் தசை. ஊசியை இறக்கியதும் பிஸ்டனைச் சற்றுப் பின்னால் இழுத்துப் பாருங்கள். ரத்தம் வந்தால் எடுத்துவிட்டு வேறிடத்தில் போட வேண்டும். புரோகெயின் பெனிசிலின் ரத்தக்குழாயில் போனால் மாடு வெறிபிடித்தது போல் துள்ளி விழும். ஒரு மாட்டுக்குப் போட்ட ஊசியை இன்னொரு மாட்டுக்குப் போடாதீர்கள். உண்ணி வழியாகப் பரவும் ரத்த நோய்களில் சில ஊசி வழியாகவும் பரவும். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் மாட்டின் பக்கத்திலேயே இருங்கள். மூச்சு வாங்கி, கண்ணிமை வீங்கி, நடுங்கினால் அது ஒவ்வாமை, அட்ரினலின் ஊசி உடனே வேண்டும். வீட்டில் அது இருக்காது. டாக்டர் முன்னிலையில் முதல் ஊசி போடச் சொல்வது இதற்காகத்தான்.

வலிக்கு என்று கடையில் டைக்ளோஃபினாக் கொடுத்தால் வாங்காதீர்கள். கால்நடைக்கு அதை 2006-லேயே தடை செய்துவிட்டார்கள். அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக மடிந்தன. உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத மோயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் தமிழகத்தில் எஞ்சிய கழுகுகள் கூடு கட்டுகின்றன. மெலாக்ஸிகாம் என்ற வலி மருந்து அவற்றுக்குப் பாதுகாப்பானது. டாக்டரிடம் அதைக் கேளுங்கள்.

குப்பியில் மீதி மருந்து. வெள்ளாட்டுக்கு இந்த மருந்து பயன்படும்தான், ஆனால் எதற்குப் போடுகிறீர்கள்? மூக்கு ஒழுகி, வாய் புண்ணாகி, கழிந்தால் அது ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம், அது வைரஸ். மாட்டுக்கு வரும் கோமாரியும் தோல் கழலையும் அப்படித்தான். ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது, கூடவே தொற்றும் நிமோனியா போன்றவற்றுக்கு மட்டும் டாக்டர் போடுவார். சினை ஆட்டுக்கு டெட்ராசைக்ளின் வகையைத் தவிர்ப்பார்கள், குட்டியின் எலும்பிலும் பல்லிலும் அது படியும். திறந்த குப்பியைப் பெரும்பாலும் 28 நாளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது, லேபிளைப் பாருங்கள்.

நாய்க்கு வேண்டவே வேண்டாம். உண்ணிக் காய்ச்சலுக்கு இதே குடும்பத்து டாக்ஸிசைக்ளின் கொடுப்பது உண்மை, ஆனால் ரத்தம் பார்த்து, மாத்திரையாக, ஏறக்குறைய நான்கு வாரம். மாட்டுக்கான செறிவான மருந்துகளைச் செல்லப் பிராணிக்கு அளந்து போடுவதே கடினம். மாட்டுக்குப் போடும் இன்னொரு ஆன்டிபயாடிக்கான என்ரோஃப்ளாக்சசினை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள்: வளரும் நாய்க்குட்டியின் மூட்டுக் குருத்தெலும்பை அது கெடுக்கும், பூனைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பார்வையே போகலாம். முயலுக்கு வாய்வழியாகப் பெனிசிலின் வகை கொடுத்தால் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர் அழிந்து கழிச்சலில் செத்துவிடும்.

உங்கள் பசு இப்போது தின்று, அசைபோட்டு நிற்கிறது என்றால் நாளைக் காலை கால்நடை மருந்தகத்துக்குப் பால் புட்டியோடு போனால் போதும். ஆனால் பால் மஞ்சள் தண்ணீராக மாறினாலோ, காம்பு சில்லிட்டு நீலமோ கறுப்போ ஆனாலோ, காது குளிர்ந்து, கண் உள்ளே போய், மாடு எழ முடியாமல் படுத்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணுக்கு அழைத்து, ஈன்று எத்தனை நாள், போட்ட ஊசி எது என்று சொல்லுங்கள். அந்த நிலையில் ஆன்டிபயாடிக் ஊசியைவிட ரத்தக்குழாயில் ஏற்றும் குளுக்கோஸும் உப்பு நீரும்தான் முதலில் வேண்டியிருக்கும். ஈன்று மூன்று வாரமே ஆன மாடு என்பதால், படுத்தது கால்சியம் குறைவாலா என்றும் டாக்டர் சேர்த்துப் பார்ப்பார்.