டிவியை விட்டுப் போன ஃபார்முலா 1: எதில் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது? – கேள்வி பதில்

2022 சீசன் முடிந்ததும் ஸ்டார் ஸ்போர்ட்ஸில் ஃபார்முலா 1 நின்றது. 2023-இல் இந்தியாவில் எஃப்1 டிவி ஆப் ஒன்றுதான் வழி; 2024-இல் ஃபேன்கோட் என்ற ஸ்ட்ரீமிங் ஆப் வந்தது. அமெரிக்காவில் 2018 முதல் 2025 வரை ஈஎஸ்பிஎன் கையில் இருந்தது 2026-இலிருந்து ஆப்பிள் டிவிக்குப் போய்விட்டது. இந்த மாற்றம் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள் கீழே.

கேள்வி: சார், இந்தியாவில் எந்த சேனலும் ஏன் இதை எடுக்கவில்லை? பார்க்கிறவர்கள் கூடிக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

பார்க்கிறவர் எண்ணிக்கையை விட விளம்பரத்துக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் சேனலுக்கு முக்கியம். கிரிக்கெட்டில் ஒவ்வோர் ஓவருக்கும் இடைவெளி உண்டு. ஃபார்முலா 1 பந்தயம் 305 கிலோமீட்டர் சொச்சம், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், நடுவில் மூச்சுவிட இடமே இல்லை. விளம்பரம் போட்டால் அந்த நேரத்தில்தான் யாராவது டயர் மாற்றப் பிட்டுக்குள் நுழைவார். ஈஎஸ்பிஎன் இதற்கு ஒரு வழி கண்டது: 2018 சீசன் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே மதர்ஸ் என்ற கார் பாலிஷ் நிறுவனத்தை ஸ்பான்சராகப் பிடித்து, பந்தயத்துக்கு நடுவே விளம்பரமே இல்லாமல் காட்டியது. எல்லாச் சந்தையிலும் அப்படி ஒரு ஸ்பான்சர் கிடைக்கமாட்டார்.

சந்தா சேவைக்கு இந்தத் தலைவலி இல்லை. காசு முன்கூட்டியே வந்துவிடுகிறது. ஆனால் ரிமோட்டைத் தட்டிக்கொண்டே போகும்போது தற்செயலாகப் பந்தயத்தில் வந்து விழுந்து, அப்படியே ரசிகராகும் ஆள் இனி கிடைக்கமாட்டார். என் கணக்கில் சேனல் போனதில் பெரிய நஷ்டம் அதுதான்.

கேள்வி: காசு கட்டிப் பார்ப்பது லிபர்ட்டி மீடியா வந்த பிறகு தொடங்கியதா?

இல்லை. அமெரிக்க நிறுவனமான லிபர்ட்டி ஃபார்முலா 1-ஐ வாங்கியது 2017-இல். அதற்கு முன் அதை நடத்திய பெர்னி எக்கிள்ஸ்டன் 1996-லேயே ஜெர்மனியில் டிஎஃப்1 என்ற கட்டண டிவி நிறுவனம் மூலம் டிஜிட்டல் கட்டணச் சேவையைத் தொடங்கிவிட்டார். காருக்குள்ளிருந்து வரும் காட்சி, பிட் லேன், நேரப் பட்டியல் என்று தனித்தனி சேனல்கள் அதில் இருந்தன. இன்று ஆப்பில் பார்ப்பதெல்லாம் கிட்டத்தட்ட அதேதான். செலவுக்கு ஏற்ற சந்தா சேரவில்லை, 2002 முடிவில் மூடிவிட்டார்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். ஸ்கை இல்லாமல் முழுப் பந்தயமும் நேரலையில் பார்க்க வழி உண்டா அண்ணா?

பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ மட்டும் இலவச சேனலான சேனல் 4-இல் நேரலை. மற்றவற்றுக்கு அதே சேனலில் தொகுப்பு வரும். 2012 முதல் 2015 வரை பாதிப் பந்தயங்கள் பிபிசியில் நேரலையாக இருந்தன, பிறகு மூன்று சீசன் சேனல் 4-இல். 2019-இலிருந்து எல்லாம் கட்டண சேனலான ஸ்கை. கட்டாயம் இலவசமாகக் காட்டவேண்டிய போட்டிகள் என்று அரசு வைத்திருக்கும் பட்டியலில் ஃபார்முலா 1 இல்லை, அதனால் சட்டமும் உதவாது. மாத ஒப்பந்தமாக ஸ்கையை நவ் என்ற அதன் ஸ்ட்ரீமிங் சேவை வழியே எடுத்தால், பந்தயம் நெருக்கமாக வரும் மாதங்களுக்கு மட்டும் கட்டலாம்.

இன்னொன்று: ஸ்கை வர்ணனைக் குழுவில் அடிக்கடி கேட்கும் குரல் நம் சென்னைக்காரர் கருண் சந்தோக்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் ஃபைபர், புது 4கே டிவி, ஃபயர் ஸ்டிக். ஆனாலும் கார்கள் வேகமாகத் திரும்பும்போது படம் விட்டு விட்டு ஓடுகிறது. பஃபரிங் சுற்றவில்லை. நெட்காரரிடம் சண்டையே போட்டுவிட்டேன்.

நெட்காரர் மேல் தப்பில்லை. ஃபார்முலா 1 உலகம் முழுக்கத் தரும் ஒளிபரப்பு நொடிக்கு 50 ஃபிரேம். உங்கள் ஸ்டிக் டிவிக்கு அனுப்புவது 60 ஹெர்ட்ஸ். 50-ஐ 60 ஆக்க, ஒவ்வோர் ஐந்து ஃபிரேமுக்கும் ஒன்றை இரண்டு முறை காட்டும். முகம் பேசும் காட்சியில் இது தெரியாது. கேமரா காரைத் துரத்தி வேகமாகத் திரும்பும்போது, ஓரத்துச் சிவப்பு வெள்ளைக் கெர்ப் கட்டைகளும் கம்பி வேலியும் துள்ளித் துள்ளி நகரும். டிடிஎச் காலத்தில் இது கண்ணில் படவில்லை, ஏனென்றால் இங்கே செட் டாப் பாக்ஸும் 50-இல்தான் ஓடியது.

செய்யவேண்டியது: ஃபயர் டிவியில் செட்டிங்ஸ், டிஸ்ப்ளே அண்ட் சவுண்ட்ஸ், டிஸ்ப்ளே. அங்கே 'மேட்ச் ஒரிஜினல் ஃபிரேம் ரேட்' என்பதை ஆன் செய்யுங்கள். ஆப்பும் அதற்கு ஒத்துழைத்தால்தான் வேலை செய்யும். ஆன் செய்தும் துள்ளினால், அதே இடத்தில் வீடியோ ரெசல்யூஷனில் 1080பி 50 ஹெர்ட்ஸைக் கையால் தேர்ந்தெடுங்கள், பந்தயம் முடிந்ததும் ஆட்டோவுக்கு மாற்றிவிடுங்கள். ஆப்பிள் டிவி பெட்டியில் வீடியோ அண்ட் ஆடியோ, மேட்ச் கன்டென்ட், மேட்ச் ஃபிரேம் ரேட்.

பிறகு டிவியின் மோஷன் ஸ்மூதிங்கை (இடையில் டிவியே ஃபிரேம்களை உருவாக்கிச் சேர்க்கும் வசதி) அணையுங்கள். ஒரு குறையை மறைக்கப் போய் இன்னொன்றைச் சேர்க்கும் சமாசாரம் அது. காரின் பின் இறக்கையைச் சுற்றி நிழல் மாதிரி கசியும்.

கேள்வி: பக்கத்து வீட்டில் சேட்டிலைட் பெட்டி. அவர்கள் கத்தி அரை நிமிடம் கழித்துத்தான் எனக்கு ஓவர்டேக் தெரிகிறது. (துபாய்)

ஸ்ட்ரீமிங் படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டித்தான் அனுப்பும். ஒரு துண்டு ஆறு நொடி என்று வையுங்கள். தடங்கல் வராமலிருக்க ஆப் மூன்று துண்டாவது கையில் வைத்துக்கொண்டுதான் ஓட்டத் தொடங்கும். அங்கேயே 18 நொடி போச்சு. என்கோடர், சர்வர் என்று மற்றவை சேர்ந்தால் அரை நிமிடம் தாண்டுவது சகஜம். வேகமான நெட் வாங்கினால் இது குறையாது, தெரிந்துகொள்ளுங்கள். நடுவில் ஒருமுறை படம் நின்று மறுபடி ஓடியிருந்தால் இன்னும் பின்தங்கியிருப்பீர்கள். 'லைவ்' பட்டனை அழுத்தினால் அது மட்டும் சரியாகும். மற்றபடி வாட்ஸ்அப் குழுவை இரண்டு மணி நேரம் மியூட் செய்யுங்கள். சுற்று நேரங்களைக் காட்டும் லைவ் டைமிங் ஆப்பையும் மூடிவையுங்கள், அது படத்துக்கு முன்னால் ஓடும்.

கேள்வி: ஃபோனில் பளிச்சென்று இருக்கிறது, ஆன்லைனில் வாங்கிய ஆண்ட்ராய்ட் பெட்டியில் போட்டால் மங்கல். ஒரே அக்கவுண்ட்தான்.

பெட்டிக்கு வைட்வைன் எல்1 சான்று இல்லை என்று நினைக்கிறேன். வைட்வைன் என்பது படத்தைத் திருடாமல் காக்கும் கூகுளின் பூட்டு; எல்1 உயர்ந்த பாதுகாப்பு, எல்3 குறைந்தது. எல்3 மட்டும் இருக்கும் கருவிக்குப் பல சேவைகள் வேண்டுமென்றே குறைந்த தரத்தைத்தான் அனுப்பும். 'டிஆர்எம் இன்ஃபோ' என்ற ஆப்பைப் போட்டுப் பாருங்கள், வைட்வைன் பகுதியில் செக்யூரிட்டி லெவல் என்ன என்று காட்டும். எல்3 என்று வந்தால் எந்த செட்டிங்கும் காப்பாற்றாது, சான்றுள்ள ஸ்டிக் வாங்குங்கள். 4கே பார்ப்பதானால் நடுவில் இருக்கும் சவுண்ட்பார், எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் எல்லாமே எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறையைத் தாங்கவேண்டும். பழைய ஸ்பிளிட்டர் ஒன்று போதும், படம் 1080-க்கு இறங்கிவிடும் அல்லது கறுப்புத் திரைதான்.

கேள்வி: வீட்டில் ஃபைபர் கிடையாது, ஹாட்ஸ்பாட்தான். ஒரு பந்தயத்துக்கு எவ்வளவு டேட்டா?

8 எம்பிபிஎஸ்ஸில் வரும் 1080 படம் மணிக்கு 3.6 ஜிபி. முன்னோட்டம், பந்தயம், பரிசளிப்பு மேடை சேர்த்து இரண்டு மணி நேரம் என்றால் 7.2 ஜிபி. தினம் 2 ஜிபி பிளானில் பாதிக்கு முன்பே நின்றுவிடும். 'ஆட்டோ' வேண்டாம், 720-ஐக் கையால் வையுங்கள், பாதி அளவில் முடியும். 480-க்கு இறங்கினால் எந்த கார் யாருடையது என்று தெரியாது.

கேள்வி: பந்தயம் தொடங்கும் நிமிடத்தில்தான் ஆப் உள்ளேயே விடமாட்டேன் என்கிறது. ஏன்?

விழுவது பெரும்பாலும் வீடியோ இல்லை, லாகினும் சந்தாவைச் சரிபார்க்கும் சர்வரும்தான். ஐரோப்பியப் பந்தயம் வழக்கமாக நமக்கு மாலை 6:30. எல்லாரும் 6:28-க்குத் திறக்கிறார்கள். 6:10-க்கே திறந்து ஓடவிடுங்கள், பிறகு லாக் அவுட் செய்யாதீர்கள். தப்பான நேரத்தில் திரும்பத் திரும்ப லாகின் செய்தால் சில நிமிடம் பூட்டியும்விடும். ஆப் அப்டேட்டை முந்தின நாள் தகுதிச் சுற்றுக்கே முடித்துவையுங்கள்.

கேள்வி: விபிஎன் போட்டு வேறு நாட்டு விலையில் வாங்கலாமா தம்பி?

வேண்டாம் ஐயா. உரிமை நாடு நாடாக விற்கப்படுகிறது, அதனால் சந்தாவும் கார்டு எந்த நாடு என்று பார்க்கும். வாங்கிவிட்டாலும் விபிஎன் முகவரிகளைப் பட்டியல் போட்டு அடைப்பார்கள், அதுவும் நேரலையில்தான் இறுக்கிப் பிடிப்பார்கள். விதிமீறல் என்று கணக்கை மூடினால் பணம் திரும்பாது.

கேள்வி: ஆண்டு சந்தாவா, சீசன் பாஸா?

இரண்டும் ஒன்றல்ல. சீசன் மார்ச்சில் தொடங்கி டிசம்பரில் முடியும். செப்டம்பரில் ஆண்டுச் சந்தா எடுத்தால் மூன்று மாதம் கார் ஓடாத காலத்துக்கும் கட்டுகிறீர்கள். அதைவிட மோசம், அடுத்த சீசனுக்கு உரிமையே வேறு நிறுவனத்துக்குப் போயிருக்கலாம். தயங்கினால் ஒரு வார இறுதிக்கு மட்டும் விற்கும் பாஸை எடுங்கள்.

ஆட்டோபேயைக் கவனியுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி தானாகக் கழிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வரவேண்டும். 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காது. ஆப்பை அழித்தால் சந்தா ரத்தாகாது. யுபிஐ ஆப்பில் மேண்டேட் பகுதிக்குப் போய் அங்கே ரத்து செய்யுங்கள்.

கேள்வி: காசே கட்டாமல் முறையாகப் பார்க்க ஏதாவது?

தாராளமாக, ஆனால் ஃபார்முலா 1 அல்ல, வேறு கார் பந்தயங்கள். நீண்ட நேரப் பந்தயத் தொடரான 24 எச் சீரிஸ் முழுப் பந்தயத்தையும் யூடியூபில் காட்டுகிறது. 2025 ஜனவரியில் துபாயில் அஜித் குமார் அணி தன் வகுப்பில் மூன்றாவது வந்தது அதில்தான் ஓடியது. ஜிடி வேர்ல்டு சேலஞ்ச் ஐரோப்பா, நூர்பர்க்ரிங் 24 மணி நேரம் இரண்டும் அங்கேயே உண்டு. நூர்பர்க்ரிங்கை ஒரே மூச்சில் பார்க்கவேண்டாம். தொடக்கத்து இரண்டு மணி நேரம், இருட்டு விழும் நேரம், கடைசி ஒன்றரை மணி நேரம் போதும்.

கேள்வி: திரும்ப டிவிக்கு வருமா?

சில இடங்களில் வந்திருக்கிறது. பிரேசிலில் குளோபோ சேனல் 2020-உடன் விட்டது, பேண்ட் சேனல் எடுத்தது, 2026-இல் மறுபடி குளோபோ. ஜெர்மனியில் 2021-இல் எல்லாம் ஸ்கைக்குப் போனபின் இலவச சேனலான ஆர்டிஎல் சில பந்தயங்களை வாங்கிக் காட்டியது, 2024-இல் ஏழு. இங்கே முக்கியப் போட்டிகளின் சிக்னலைத் தூர்தர்ஷனுக்குத் தரவேண்டும் என்கிற 2007 சட்டம் கிரிக்கெட் போன்றவற்றுக்கு உதவும், கார் பந்தயத்துக்கு உதவாது. இந்தியாவில் ஒரு சேனல் விரும்பி வாங்கினால்தான் உண்டு. நொய்டா பக்கத்து புத் சர்க்யூட்டில் 2011 முதல் 2013 வரை மூன்று முறை கிராண்ட் பிரீ நடந்தபோது வாங்க ஆள் இருந்தது. உள்ளூரில் பந்தயம் இல்லாதவரை அந்த ஆர்வம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.