உந்த வரைபடத்தில் ஆர்பிட்டாலைத் தேடுவது எப்படி?

கேள்வி: வெள்ளிப் படிகத்தின் (110) என்னும் வெட்டுமுகப் பரப்பில் பிடிசிடிஏ (PTCDA) என்ற தட்டையான கரிம மூலக்கூறுகளை ஒற்றை அடுக்காகப் படியவைத்து, ஒளிமின் உமிழ்வின், அதாவது ஒளி பட்டு வெளியேறும் எலக்ட்ரான்களின், கோணப் பரவலை அளந்தேன். ஃபெர்மி மட்டத்துக்கு (உலோகத்தில் எலக்ட்ரான்கள் நிரம்பியுள்ள உச்ச ஆற்றலுக்கு) அருகிலுள்ள முதல் முகட்டின் உந்த வரைபடம், நான் கணக்கிட்ட ஹோமோவை, அதாவது எலக்ட்ரான்கள் நிரம்பியவற்றுள் ஆற்றல் மிக்க ஆர்பிட்டாலை (எலக்ட்ரானின் அலைச்சார்பை), போல இல்லை. ஒரு பக்கம் மங்கியும் இருக்கிறது. அளவீட்டில் தவறா?

பதில்: அளவீட்டைச் சந்தேகிக்கும் முன், எதை எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். வெளியேறும் எலக்ட்ரானைச் சமதள அலையாகக் கருதினால், பதிவாகும் செறிவு என்பது ஆர்பிட்டாலின் ஃபூரியர் மாற்றத்தினது (அதை வெவ்வேறு அலைநீளங்களாகப் பிரித்துக் காட்டும் கணித மாற்றத்தினது) இருமடி. ஆகவே அது ஆர்பிட்டாலின் நேரடிப் படம் அன்று. தாமிரத்தின் (110) பரப்பில் படிந்த, ஆறு பென்சீன் வளையங்கள் வரிசையாக இணைந்த செக்ஸிஃபீனைலைக் கொண்டு 2009-இல் புஷ்னிக் குழுவினர் காட்டியது இதைத்தான். அம்மூலக்கூறின் ஹோமோவில் அலைச்சார்பு வளையத்துக்கு வளையம், அதாவது சுமார் 4.4 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒருமுறை, திரும்ப வருகிறது. 2π-ஐ 4.4-ஆல் வகுத்தால் அதற்குரிய அலை எண், ஆங்ஸ்ட்ராமுக்கு ஏறத்தாழ 1.4, கிடைக்கும். இயக்க ஆற்றல் 30 எலக்ட்ரான் வோல்ட் எனில், பரப்புக்கு இணையான அலை எண் 0.512 × √30 × sin θ, அதாவது 2.8 sin θ (θ என்பது பரப்பின் செங்குத்திலிருந்து அளக்கும் உமிழ்வுக் கோணம்); இது 1.4-க்குச் சமமாக வேண்டும், எனவே நீள அச்சின் இருபுறமும் 30 பாகையை ஒட்டி ஒளிப்பொட்டு எழ வேண்டும். உங்கள் கோண அளவீட்டையும் இப்படிக் கையால் ஒருமுறை கணக்கிட்டுச் சரிபாருங்கள்.

உங்கள் குழப்பத்தின் வேர், என் கணிப்பில், வேறிடத்தில் உள்ளது. தனி மூலக்கூறில் காலியாக இருக்கும் ஆர்பிட்டால்களில் மிகத் தாழ்ந்த ஆற்றலுடைய லூமோ, வெள்ளியிலிருந்து எலக்ட்ரான்களைப் பெற்று நிரம்பிவிடுகிறது. ஆகவே ஃபெர்மி மட்டத்துக்கு அருகிலுள்ள முதல் முகடு லூமோவினுடையது. ஹோமோ அதற்கும் கீழே, இரண்டாம் முகடாக வருகிறது. இரண்டு ஆர்பிட்டால்களின் ஃபூரியர் மாற்றங்களையும் கணக்கிட்டு, இரண்டு முகடுகளோடும் ஒப்பிடுங்கள். முகடுகளை ஆற்றலை மட்டும் பார்த்து அடையாளம் காண்பதைவிட இது எவ்வளவோ நம்பகமானது.

ஒரு பக்க மங்கல் பழுது அன்று. ஒளியின் மின்புலத் திசைக்கும் எலக்ட்ரானின் உந்தத்துக்கும் உள்ள புள்ளிப் பெருக்கலின் இருமடி செறிவைப் பெருக்குகிறது. சாய்ந்து விழும் ஒளியில் அது சமச்சீராக இராது. அக்காரணியால் வகுத்துத் திருத்தலாம், ஆனால் அது சுழியை நெருங்கும் இடங்களைத் தொடாதீர்கள், அங்கே இரைச்சல்தான் பெருகும். மாதிரியைச் செங்குத்து அச்சில் சுழற்றி மறுபடி அளப்பதே சிறந்தது.

இனி உண்மை வெளியில் படம் வேண்டுமெனில், இருமடியாக்கத்தில் தொலைந்த அலையின் கட்டத்தை (phase) மீட்க வேண்டும். அலைச்சார்பு மூலக்கூறின் அளவுள்ள பெட்டிக்குள் அடங்கியது என்ற நிபந்தனையை மட்டும் கொண்டு, மீண்டும் மீண்டும் திருத்தி அதை மீட்கலாம் என்று 2014-இல் நிறுவப்பட்டது.