மறுபடி ஓட்டினால் பாஸாகும் டெஸ்ட்

வணக்கம்.

லினக்ஸில் ஸ்டோரேஜ் டிரைவர் (டிஸ்க் போன்ற சேமிப்புச் சாதனங்களை இயக்கும் மென்பொருள்) எழுதும் ஒரு குழுவில் இருக்கிறேன். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கான டெஸ்டுகளைப் பராமரிப்பது என் பொறுப்பு. கர்னலில் சின்ன மாற்றம் வந்தாலே எங்கள் டெஸ்டுகளில் சில உடைகின்றன. வேறு சில, யாரும் எதையும் தொடாமலேயே ஒரு நாள் விழுகின்றன, மறுநாள் பாஸாகின்றன. கர்னல் டெஸ்ட் எழுத இருக்கும் இரண்டு கட்டமைப்புகளில், எல்லாவற்றையும் கேயூனிட்டுக்கு மாற்றினால் சரியாகுமா, கேசெல்ஃப்டெஸ்ட் போதுமா? மாக் (உண்மையான பகுதிக்குப் பதிலாக வைக்கும் போலி) எந்த அளவுக்கு வைக்கலாம்? இப்போதைக்கு, விழும் டெஸ்டை மூன்று முறை ஓட்டி, ஒருமுறை பாஸானாலும் பச்சை என்று வைத்திருக்கிறோம். லூப் டிவைஸை (ஒரு ஃபைலை டிஸ்க் போலக் காட்டும் கர்னல் வசதி) அதன் ஃபைலிலிருந்து பிரித்து அதே எண்ணில் மறுபடி இணைக்கும் டெஸ்ட் ஒன்றில் 'பிஸி' என்று அடிக்கடி வந்தது. அதில் ஸ்லீப்பை (டெஸ்ட் சும்மா காத்திருக்கும் நேரத்தை) ஒரு நொடியிலிருந்து ஐந்து நொடிக்கு ஏற்றிவிட்டேன். உங்கள் கருத்தை அறிய ஆவல்.

எம்.

அன்புள்ள எம்,

நீங்கள் கேள்வியாகக் கேட்டவற்றைவிட, போகிற போக்கில் சொன்ன ஒரு வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. மூன்று முறை ஓட்டி ஒருமுறை பாஸானாலும் பச்சை. இந்தப் பழக்கத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் கேட்ட கேள்விகளை முதலில் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

கேயூனிட்டா கேசெல்ஃப்டெஸ்டா என்பதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. கேயூனிட் 2020 ஜனவரியில் வந்த 5.5 கர்னலில் சேர்ந்தது. கர்னலுக்கு உள்ளேயே ஓடும். கணக்குப் போடும் ஃபங்ஷன், பார்சர் போன்ற தனியாகப் பிரித்தெடுக்கக்கூடிய கோடுக்கு (நிரல் வரிகளுக்கு) அது. சிஸ்டம் கால் (நிரல்கள் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) வழியாக வெளியே தெரியும் நடத்தைக்கு கேசெல்ஃப்டெஸ்ட். இரண்டும் வேண்டும். கட்டமைப்பு என்ற கூட்டை மாற்றிவிட்டதால் மட்டும், உடைகிற டெஸ்ட் உடையாமல் போய்விடாது.

மாக் விஷயத்தில் ஒன்றே ஒன்று. கர்னலின் உள் இடைமுகங்கள் மாறாது என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. மாறும் என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். யூசர்ஸ்பேஸுக்கு, அதாவது கர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்களுக்கு, தெரியும் நடத்தையை உடைக்க மாட்டோம் என்பதுதான் அவர்கள் கொடுத்த வாக்கு. 'இந்த ஃபங்ஷன் அந்த ஃபங்ஷனை இரண்டு முறை கூப்பிட்டதா' என்று பார்க்கும் டெஸ்ட், யாரும் கொடுக்காத வாக்கைக் கேட்டு நிற்கிறது. உடையாமல் என்ன செய்யும்? லாகில், அதாவது கர்னல் எழுதும் பதிவில், வரும் வாசகத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதும் அப்படித்தான். 4.15 கர்னலில் நினைவக முகவரிகளை நேரடியாக அச்சிடாமல் ஹாஷ் செய்து (வேறு எண்ணாக உருமாற்றி) காட்டத் தொடங்கினார்கள். லாகில் முகவரியைத் தேடி எடுத்துக்கொண்டிருந்த ஸ்கிரிப்டுகளுக்கு அன்றோடு அந்த முகவரி உதவாமல் போனது. ஒரே அழைப்பில் இரண்டு தவறுகள் இருந்தால் எந்தப் பிழை எண் முதலில் வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. எதை வேண்டுமானாலும் தரலாம் என்று, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரநிலையான போசிக்ஸே சொல்கிறது. ஒரு டெஸ்டில் ஒரு தவறை மட்டும் செய்யுங்கள், போதும்.

சரி, அந்த வரிக்கு வருகிறேன்.

நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. 500 டெஸ்டுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஆயிரத்தில் ஒருமுறை மட்டும் காரணமில்லாமல் விழுகிறது என்று வையுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே தங்கமான டெஸ்டுகள். ஆனால் மொத்தமாக ஓட்டினால் பத்தில் நான்கு முறை எங்காவது ஒரு சிவப்பு இருக்கும். பேட்ச் அனுப்பியவர் வந்து 'என் மாற்றத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்' என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டியது நீங்கள். அந்த அலுப்பில் யாராக இருந்தாலும் ரீட்ரை போடத்தான் கை போகும். உங்களைத் தனியாகக் குற்றம் சொல்லவில்லை.

ஆனால் அதே கணக்கை மறுபக்கத்திலிருந்து போட்டுப் பாருங்கள். உங்கள் டிரைவரில் உண்மையான ரேஸ் (இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஒன்றையே தொட்டு மோதும் பிழை) ஒன்று இருக்கிறது. இருபது ஓட்டத்தில் ஒருமுறை வெளியே தெரிகிறது. அந்த வகைப் பிழைக்கு இது பெரும் பாக்கியம், கையில் அகப்படுகிற பிழை. மூன்றும் விழுந்தால்தான் சிவப்பு என்று நீங்கள் வைத்த பிறகு அது தெரிய வேண்டுமானால் இருபது பெருக்கல் இருபது பெருக்கல் இருபது, 8000 ஓட்டத்தில் ஒருமுறை. பிழை அப்படியே இருக்கிறது. அதை நானூறு மடங்கு நன்றாக ஒளித்து வைத்துவிட்டீர்கள். டெஸ்ட் எழுதச் சம்பளம் வாங்கும் ஒருவர் இதைச் செய்யலாமா? கோபமாகத்தான் கேட்கிறேன்.

நான் வேலை கற்றுக்கொண்ட குழுவில் ஒரு மூத்த அம்மா இருந்தார். 'தெரிந்த தோல்விகள்' என்று அங்கே ஒரு பட்டியல் உண்டு. அதில் பெயர் ஏறிய டெஸ்ட் விழுந்தால் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்பது நடைமுறை. எங்கள் நெட்வொர்க் டிரைவரை அன்லோட் செய்து மறுபடி லோட் செய்யும் டெஸ்ட் அந்தப் பட்டியலில் வெகுகாலமாக இருந்தது. அவர் ஒரு நாள் மாலை அதை மட்டும் எடுத்து, ஸ்லாப் (கர்னலின் நினைவகத்தைப் பங்கிடும் பகுதி) டீபக் போட்ட கர்னலில், நான்கு கோர் மெஷினில் திரும்பத் திரும்ப ஓட விட்டுவிட்டுப் போனார். காலையில் மெஷின் ஊப்ஸ் (கர்னலின் கோளாறு அறிக்கை) போட்டு நின்றது. என்னைக் கூப்பிட்டு அதில் இருந்த ரெஜிஸ்டர் (பிராசஸரின் உள் சேமிப்பிடம்) வரிசையைக் காட்டினார். ஒரு ரெஜிஸ்டரில் 6பி6பி6பி6பி. இது என்ன சொல்லு என்றார். எனக்குத் தெரியவில்லை. விடுவித்த நினைவகத்தை ஸ்லாப் அந்த எண்ணால் நிரப்பி வைக்கும், யாரோ செத்துப்போன ஆப்ஜெக்டைத் தொடுகிறார்கள் என்று விளக்கினார்.

அங்கிருந்து டிரைவரை அகற்றும் ஃபங்ஷனுக்கு வந்தோம். டெல் டைமர் என்று ஒரு வரி. டைமரை வரிசையிலிருந்து எடுப்பது மட்டும்தான் அதன் வேலை. அந்தச் சமயத்தில் டைமரின் ஹேண்ட்லர் (நேரம் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) இன்னொரு கோரில் ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை காத்திருக்காது. அதற்கு டெல் டைமர் சிங்க் என்று தனியாக இருந்தது (2025இல் வந்த 6.15 கர்னலோடு இந்தப் பழைய பெயர்கள் போய், டைமர் டிலீட், டைமர் டிலீட் சிங்க் என்றாகிவிட்டன). சிங்க் என்ற அந்த ஒரு சொல் விட்டுப்போயிருந்தது. (ஹேண்ட்லர் முடிந்த பிறகும் வேறு ஏதோ டைமரை மறுபடி போட்டுவிடும் தொல்லைக்காக 6.2 கர்னலில் டைமர் ஷட்டவுன் என்றே ஒன்று வந்தது. உங்கள் டிரைவரிலும் பார்த்துவிடுங்கள்.) அத்தனை காலமும் அந்த டெஸ்ட் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் அதற்குப் பொய்யன் என்று பெயர் வைத்திருந்தோம்.

இப்போது உங்கள் ஐந்து நொடி ஸ்லீப். கர்னல் பல வேலைகளை அப்புறம் செய்யலாம் என்று தள்ளிவைக்கும், அது அதன் இயல்பு. ஆர்சியூ என்ற கர்னல் பொறிமுறையிடம் ஒரு நினைவகத் துண்டை விடுவிக்கக் கொடுத்தால், பழைய வாசகர்கள் எல்லாரும் வெளியேறிய பிறகுதான் விடுவிக்கும். மெமரி சிகுரூப்பின் (நிரல் குழுக்களின் நினைவகப் பயன்பாட்டை அளந்து கட்டுப்படுத்தும் வசதி) புள்ளிவிவரங்களை இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் தானாகக் கூட்டிச் சேர்க்கும். இப்படிப்பட்ட காரணங்களால்தான் கர்னலோடு வரும் சிகுரூப் டெஸ்டுகள் பல இடங்களில் 'சமமா' என்று கேட்பதில்லை, 'இத்தனை சதவீதத்துக்குள் நெருக்கமா' என்று கேட்கின்றன. உங்கள் லூப் டிவைஸ் இதற்கு நல்ல உதாரணம். 3.7 கர்னலுக்குப் பிறகு, லூப்பை வேறு யாராவது திறந்து வைத்திருந்தால் 'பிரி' என்ற கட்டளை பிழை தராது. கடைசி ஆள் மூடும்போது பிரித்துக்கொள்கிறேன் என்று குறித்து வைத்துவிட்டு, வெற்றி என்று திரும்பிவிடும். அந்த வேறு யாரோ பெரும்பாலும் யூடெவ், சாதனங்களைக் கவனிக்கும் பின்னணி நிரல். ஒரு பிளாக் டிவைஸை (டிஸ்க் போன்ற சாதனத்தை) யாராவது எழுதத் திறந்து மூடினால், அதில் என்ன ஃபைல் சிஸ்டம் இருக்கிறது என்று பார்க்க அது திறக்கும். உங்கள் டெஸ்ட் மூடிய அடுத்த கணம் அது உள்ளே போயிருக்கும். நீங்கள் பிரித்தாயிற்று என்று நம்பி அதே எண்ணில் இணைக்கப் போகிறீர்கள், பிஸி என்கிறது. கர்னல் செய்தது சரி. யூடெவ் செய்ததும் சரி.

இதில் ஐந்து நொடி எங்கிருந்து வந்தது? நல்ல மெஷினில் அது அத்தனை முறையும் வீணாகும் ஐந்து நொடி. நெரிசலான விர்ச்சுவல் மெஷினில் போதாமலும் போகும். ஸ்லீப் வைக்கிற இடத்திலெல்லாம் நாம் எதற்காகக் காத்திருக்கிறோம் என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். உங்களுக்கு வேண்டியது ஏதோ ஒரு லூப் என்றால், எண்ணைப் பிடித்துத் தொங்காமல் காலியாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள், கர்னலே தரும். பிரிவதைத்தான் சோதிக்கிறீர்கள் என்றால், சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னல் தன் நிலவரத்தை ஃபைல்களாகக் காட்டும் இடம்) அந்த லூப்பின் கீழ் உள்ள பேக்கிங் ஃபைல் என்ற பதிவு மறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். மறைந்த உடனே மேலே போங்கள். ஒரு நிமிடக் கெடு வையுங்கள். பாஸாகும்போது அந்தக் கெடு உங்களுக்கு ஒரு காசு செலவில்லை. கெடு தாண்டினால், யார் அதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலை அச்சிட்டுவிட்டு விழட்டும்.

இதுவும் ரீட்ரைதானே என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. இது பெயர் சொல்லக்கூடிய ஒரு நிகழ்வுக்காகக் காத்திருப்பது. உங்களுடையது, என்ன நடந்தது என்று தெரியாமலேயே மறுபடி தொடங்குவது. முதல் ஓட்டத்தோடு தடயமும் போய்விடுகிறது.

டைமர் டெஸ்டுகளிலும் இதே குழப்பம்தான். 100 மில்லிசெகண்ட் தூங்கு என்றால் அதற்கு முன் எழுப்ப மாட்டேன் என்பதுதான் கர்னலின் வாக்கு. கீழ் எல்லையைக் கறாராகப் பாருங்கள். மேல் எல்லையைத் தாராளமாக விடுங்கள், ரியல்டைம் (நேரக் கெடு தவறவே கூடாத) வேலை செய்பவராக இருந்தாலொழிய.

கர்னலை எழுதியவர்கள் அரிதான பிழையை எப்படி நடத்தினார்கள் என்று பாருங்கள். நேரத்தை எண்ணும் ஜிஃபீஸ், 32 பிட்டில் நொடிக்கு ஆயிரம் வீதம் எண்ணினால் 49.7 நாளில் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பும். அந்தக் கணத்தில் கணக்குத் தவறும் கோடு இருந்தால், பூட் செய்து ஏழு வாரம் கழித்துத்தான் தெரியும். யார் காத்திருப்பது? ஆகவே எண்ணிக்கையைச் சுழியத்தில் தொடங்காமல், பூட் ஆன ஐந்தாவது நிமிடத்தில் நிரம்பும்படி முன்கூட்டியே தள்ளி வைத்தார்கள். ஏழு வாரப் பிழை ஐந்து நிமிடப் பிழையாயிற்று. 2020இல் 5.8 கர்னலோடு வந்த கேசிசான் என்ற ரேஸ் கண்டுபிடிக்கும் கருவி செய்வதும் அதே மாதிரி. ஒரு த்ரெட்டை (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலையை) வேண்டுமென்றே கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து, அதே இடத்தை இன்னொருவர் தொடுகிறாரா என்று பார்க்கும். அரிதானதை அருகே இழுத்து வந்து பிடிக்கிறார்கள். நீங்கள் அதற்கு நேர் எதிராக ஓடுகிறீர்கள்.

இன்னொன்று, கிட் பைசெக்ட். பிழையைக் கொண்டுவந்த கமிட்டை (பதிவான கோடு மாற்றத்தை), வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கருவி. இருபதில் ஒருமுறை விழும் டெஸ்டை வைத்து பைசெக்ட் செய்தால், ஒரே ஒரு தவறான 'நன்று' உங்களை எவரோ ஓர் அப்பாவியின் கமிட்டில் கொண்டுபோய் நிறுத்தும். ஒரு கமிட் நல்லது என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல அதைக் கிட்டத்தட்ட அறுபது முறை பாஸாக்கிக் காட்ட வேண்டும். ஸ்கிரிப்டில் அந்த அறுபது முறைச் சுழற்சியை வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

ரீட்ரையை நாளைக்கே எடுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. உங்கள் குழு விடாது என்பதும் தெரியும். அதனால் குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள். மறுபடி ஓட்டுவதற்கு முன் முதல் ஓட்டத்தின் கர்னல் லாகைத் தனியே சேமியுங்கள். முதலில் விழுந்து பிறகு பாஸான டெஸ்டுக்குப் பச்சை காட்டாதீர்கள், மஞ்சள் காட்டுங்கள். கேசானும் (நினைவகத்தைத் தவறாகத் தொடுவதைப் பிடிப்பது) லாக்டெப்பும் (பூட்டுகளைத் தவறான வரிசையில் எடுப்பதைப் பிடிப்பது) போட்ட கர்னலில் இரவு முழுக்க அந்த மஞ்சள் டெஸ்டுகளை மட்டும் ஓட விடுங்கள். ஒரு மாதம் கழித்து எது எத்தனை முறை மஞ்சளானது என்ற பட்டியலையும், முதல் இரண்டின் லாகையும் எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். லூப் டிவைஸ் டெஸ்டை மட்டும் அதுவரை வைத்திருக்க வேண்டாம், இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.