மதுரையில் இருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் எவ்வளவு தூரம்? விமானத்தில் எத்தனை மணி நேரம் ஆகும்?

இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். கிழக்கே சிங்கப்பூர் சுமார் 3,000 கிலோமீட்டர். மேற்கே துபாயும் அதே அளவு. நேரடி விமானம் என்றால் எந்தப் பக்கம் போனாலும் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். இது நூல் பிடித்து அளந்த தூரம், விமானம் அப்படியே நேராகப் போகாது, காற்றைப் பொறுத்தும் நேரம் மாறும் என்று திருத்த வருவார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். ஆனால் பயணம் கிளம்புகிறவருக்கு இந்தக் கணக்குப் போதும்.

டிக்கெட்டில் உள்ள நேரத்தைக் கழித்துப் பார்த்துக் குழம்பித்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். சிங்கப்பூர்க் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. துபாய் ஒன்றரை மணி பின்னால். இரவு 11 மணிக்கு இங்கே ஏறினால் சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே காலை ஐந்தரை தாண்டியிருக்கும். அதே நேரம் துபாய்க்கு ஏறியவர், அங்கே நள்ளிரவு ஒன்றரை தாண்டியதுமே இறங்கியிருப்பார். பறந்த நேரம் இருவருக்கும் ஒன்றுதான்.

நான் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் கிலோமீட்டரை யாரும் கேட்பதில்லை. மல்லிகையை மொட்டாக அதிகாலையில் பறிக்கிறார்கள், அந்தி சாயும்போது அது விரியத் தொடங்கிவிடும். அதற்குள் போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி.

அக்கா மகளுக்குச் சிங்கப்பூரில் கல்யாணம். பூ என் பொறுப்பு. திருமங்கலம் பக்கத்துத் தோட்டத்து மொட்டு, காம்போடு சிந்தாமல் வந்தது. அன்று மதுரை விமானத்தில் சரக்குக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பெட்டிகளை வேனில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினோம். சுமார் 460 கிலோமீட்டர் சாலை, அதன்பின் கிடங்கில் காத்திருப்பு. கடல் தாண்டிப் பறந்த நேரத்தைவிடத் தமிழ்நாட்டுக்குள் கிடந்த நேரம்தான் அதிகம். பெட்டியைத் திறந்ததும் அக்கா போன் செய்தாள். "தம்பி, ஐஸ் பட்ட ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது. நடுவில் இருப்பது மொட்டு மாறாமல் இருக்கிறது. மண்டபம் முழுக்க மணக்கிறது." அந்த நடுப்பூவில்தான் மணப்பெண்ணின் சடை தைத்தார்கள். இன்று நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆகவே நீங்களும் பறக்கும் நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். நேரடி விமானத்துக்கே மூன்று மணி நேரம் முன்னதாகப் பெருங்குடியில் உள்ள மதுரை விமான நிலையத்துக்குப் போய்விட வேண்டும். சென்னையில் மாறிப் போவதென்றால் ஒரு பகலோ ஓர் இரவோ முழுதாகப் போய்விடும்.

கேட்காத விஷயம்தான், ஆனாலும் சொல்கிறேன். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இருந்தும் வேறு ஊர்ப் பூவுக்கு எங்கள் பெயரைச் சொல்லி விற்கிறார்கள். மார்கழிப் பனியில் வரத்துக் குறைந்து கிலோ விலை ஆயிரங்களில் ஏறும்போது, கொள்ளையடிக்கிறார்கள் என்று எங்களைத் திட்டுகிறார்கள். பனியில் குனிந்து ஒவ்வொரு மொட்டாகக் கிள்ளுகிறவர்களின் கூலியை யாரும் கேட்பதில்லை. வெளியூரில் பூ வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். எங்கள் மல்லிக்கு இதழ் தடிமனாக இருக்கும், காம்பு நீண்டிருக்கும். அது இல்லையென்றால் மதுரை மல்லி விலையைக் கொடுக்காதீர்கள்.