‘ஸ்டைலஸ் சப்போர்ட்’ என்று போட்டிருந்தால் போதுமா?

கேள்வி: ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன், பாதிப் பேர் ஆன்லைனில். அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் விடைத்தாள் பிடிஎஃப்பைத் திருத்தவும், கூகுள் மீட்டில் எழுதிக் காட்டவும் சின்ன டேப்லெட் ஒன்று வேண்டும். 8.7 அங்குலம், 4 ஜிபி ரேம், ‘ஸ்டைலஸ் சப்போர்ட், பேனா இலவசம்’ என்று 13,000 ரூபாய்க்கு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? வீட்டில் பழைய லேப்டாப்பும் இருக்கிறது.

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ‘ஸ்டைலஸ் சப்போர்ட்’ என்ற இரண்டு சொல்லை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். விரல் பட்டால் வேலை செய்கிற எந்தத் திரையிலும் ரப்பர் முனைப் பேனாவால் கிறுக்கலாம், அதையும் சப்போர்ட் என்றுதான் எழுதுவார்கள். பார்க்க வேண்டியது, கண்ணாடிக்கு அடியில் பேனாவுக்கென்று தனி ஏற்பாடு இருக்கிறதா என்பது.

இலவசமாக வரும் பேனாக்கள் பெரும்பாலும் விரலுக்குப் பதில் ஆள் மாதிரி. முனை தடிமனாக இருக்கும், அல்லது நுனியில் ஒளி ஊடுருவும் சின்ன வட்டத் தட்டு இருக்கும். சார்ஜ் ஏற்றுகிற மெல்லிய முனைப் பேனாவும் சிலர் தருவார்கள், அதில் பல, விரல் தொட்டது போன்ற சைகையைத் தானே உண்டாக்குகிறவை. டேப்லெட்டைப் பொறுத்தவரை இவை எல்லாமே விரல்தான். அதனால் உள்ளங்கையைத் திரையில் ஊன்றினால் அதையும் இன்னொரு தொடுகையாக எடுத்துக்கொண்டு கோடு இழுக்கும், பக்கம் நகரும். கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முப்பது விடைத்தாள் திருத்தினால் தோள்பட்டை என்ன ஆகும்?

இன்னொரு வகையில் திரைக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்று மின்காந்தப் புலத்தை வீசும், பேனாவுக்குள் இருக்கும் சுருள் அந்தச் சக்தியையே வாங்கிப் பதில் சொல்லும். எழுதுவதற்குப் பேனாவில் பேட்டரி வேண்டாம். பேனா கிட்டே வந்ததுமே டேப்லெட் கையின் தொடுகையை விட்டுவிடும். சாம்சங்கின் எஸ் பென் இந்த வகை. ஆனால் எல்லா சாம்சங்கிலும் அது ஓடாது: 8.7 அங்குல டேப் ஏ9இல் எஸ் பென் வேலை செய்யாது, 10.4 அங்குல டேப் எஸ்6 லைட்டில் பேனா பெட்டியிலேயே வரும். லெனோவாவும் ஷாவ்மியும் சில மாடல்களுக்கு மட்டும் தங்கள் சொந்தப் பேனாவை விற்கிறார்கள். அப்படி எடுப்பதானால் பேனாவின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கடைக்குப் போகும்போது செய்ய ஒரு எளிய சோதனை சொல்கிறேன். அந்த இலவசப் பேனாவை வாங்கி உங்கள் போன் திரையில் எழுதிப் பாருங்கள். போனிலும் எழுதினால் அது விரல் வேலைதான் செய்கிறது, அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டாம். அப்புறம் டேப்லெட்டில் நோட்ஸ் செயலியைத் திறந்து, கையை நன்றாக ஊன்றிக்கொண்டு, ‘க்’ என்று பத்து முறை வேகமாக எழுதுங்கள். அடுத்து 3.05, 30.5 என்று எழுதுங்கள். மட்டமான பேனாவில் முதலில் காணாமல் போவது புள்ளிதான், ஏனென்றால் அது கண நேரத் தொடுகை. தமிழில் புள்ளி விட்டால் பிள்ளைகள் ஊகித்துப் படித்துவிடுவார்கள், கணக்கில் தசமப் புள்ளி விட்டால் விடையே தப்பு. கடைசியாக ஸ்கேல் வைத்து மூலைக்கு மூலை மெதுவாக ஒரு கோடு போடுங்கள். கோடு பாம்பு மாதிரி நெளிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். என் அக்கா மகளுக்கு இதெல்லாம் பார்க்காமல் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், ஒரே வாரத்தில் அவள் நோட்டுக்கே திரும்பிவிட்டாள். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சரி, அளவுக்கு வருவோம். உங்களைப் பொறுத்தவரை பேனாவுக்கு அடுத்த பெரிய பிரச்சினை இதுதான். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். 8.7 அங்குலத் திரையை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் அகலம் ஏறக்குறைய 114 தான், அதாவது தாள் பாதி அளவுக்குச் சுருங்கிவிடும். பிள்ளைகளின் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி தெரியும், பக்கத்தில் நீங்கள் திருத்தம் எழுத இடமும் இருக்காது. படுக்கையாகத் திருப்பினால் எழுத்து பெரிதாகும், ஆனால் பாதிப் பக்கத்துக்கு மேல் தெரியாது, மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பயணத்தில் புத்தகம் படிக்க இந்த அளவு அருமை, விடைத்தாள் திருத்தப் பத்து அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள். 4 ஜிபி ரேம் என்பது மீட்டும் நோட்ஸும் ஒன்றாக ஓடுவதற்குக் குறைந்தபட்சம், அதற்குக் கீழ் வேண்டவே வேண்டாம்.

லேப்டாப் இருக்கிறது என்றீர்களே, அதை ஏன் ஓரமாக வைக்கிறீர்கள்? வகாம், ஹூயான், எக்ஸ்பி-பென் கம்பெனிகள் திரையில்லாத பேனாப் பலகை விற்கின்றன. யுஎஸ்பியில் செருகினால் பலகையில் எழுதுவது லேப்டாப் திரையில் விழும். சின்ன மாடல்கள் நீங்கள் சொன்ன பட்ஜெட்டில் பாதிகூட ஆகாது, பேனாவும் தரமானது, புள்ளி விடாது. கை ஓரிடத்தில், கண் வேறிடத்தில் என்பதால் முதலில் சில நாள் எழுத்து கோணலாக வரும், தினமும் அரை மணி நேரம் எழுதினால் பழகிவிடும். மீட்டில் எழுதிக் காட்டவும் திருத்தவும் உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். சோபாவில் உட்கார்ந்து திருத்தியே ஆக வேண்டும் என்றால் இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து, பேனாவோடு வரும் பத்து அங்குல டேப்லெட்டாக எடுங்கள்.

எதை வாங்கினாலும் ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் ஒரு முழு விடைத்தாளை அதில் திருத்திப் பாருங்கள். அதுவரை கண்ணாடி மேல் டெம்பர்டு கிளாஸ் ஒட்ட வேண்டாம், தடிமனான கண்ணாடியால் சில பேனாக்கள் தடுமாறும், அப்புறம் பழுது பேனாவிலா கண்ணாடியிலா என்று கண்டுபிடிக்க முடியாது.