சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதியைக் கட்டாயமாகப் பிடிப்பது ஏன்?

கொழும்பில் புதிதாக வேலைக்குச் சேரும் பலர், "என் பணத்தை நானே சேமிக்கமாட்டேனா?" என்று கேட்பதுண்டு. நன்மை எதுவெனத் தெரிந்தும், இன்றைய தேவை கண்முன் நிற்பதால் நாளையதைத் தள்ளிப்போடுவது மனித இயல்பு. இதையே நிறைவற்ற பகுத்தறிவு என்கிறார்கள். அதனால்தான் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 சதவீதமும், கைக்கு வருமுன்பே, ஓய்வுகாலச் சேமிப்பான இந்நிதியைச் சேர்கின்றன. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் பெண்கள் சீட்டுக் கட்டுவதும் இதற்காகவே: அலுமாரியில் வைத்தால் பத்தாம் திகதிக்குள் கரைந்துவிடும் காசு, சீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டால் கைபடாமல் நிற்கும்.

மக்கள் அறிவிலிகள், அரசு மட்டுமே அறிவுடையது என்று இதற்குப் பொருள்கொள்வது தவறு. சட்டம் இயற்றுவோருக்கும் இதே பலவீனம் உண்டு என்பதால், அந்நிதி எங்கே முதலிடப்படுகிறது என்று கேட்கும் முழு உரிமையும் நமக்கு இருக்கிறது.