சீன எழுத்துகளை எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் மறந்துவிடுகின்றன; முதலில் 214 வேர்க்குறிகளையும் மனப்பாடம் செய்யலாமா?

தயவுசெய்து வேண்டாம். அந்த 214, காங்ஷி அகராதியில் (1716) எழுத்தைத் தேடி எடுப்பதற்கான பிரிவுகள். அவற்றில் பல, தனி எழுத்தாக இன்று புழக்கத்திலேயே இல்லை.

எழுத்தைப் படமாகப் பார்க்கப் பழகியிருப்பீர்கள், அதனால்தான் மறக்கிறது. மலை, மரம், வாய் போன்ற சிலவற்றுக்குத்தான் படம் பொருந்தும். பத்தில் எட்டு எழுத்துகளுக்கு இரண்டு உறுப்புகள் உண்டு: ஒன்று பொருளின் வகையைக் காட்டும், மற்றது ஒலியைக் காட்டும். பொருள் உறுப்பை எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். ஒலி உறுப்பைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

பச்சை நீலத்தைக் குறிக்கும் ச்சிங்1 எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (எண் தொனியை, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தைக் குறிக்கும்). இடப்பக்கம் மூன்று துளி நீர் சேர்ந்தால் ச்சிங்1, தெளிவு. பேச்சு உறுப்பு சேர்ந்தால் ச்சிங்3, ‘தயவுசெய்து’. நெஞ்சு சேர்ந்தால் ச்சிங்2, உணர்வு. சூரியன் சேர்ந்தால் அதே ச்சிங்2, வெயில் நாள். கண் சேர்ந்தால் ஜிங்1, கண்மணி. அரிசி சேர்ந்தால் ஜிங்1, சாரம். பொருள் உறுப்புகள் எங்கும் திரும்பத் திரும்ப வருபவை. ஆகவே ஏழு எழுத்துகளுக்குப் புதிதாக மனதில் ஏற்ற வேண்டியது ஒரே வடிவம்தான். இதில் சறுக்கும் இடம் சூரியனும் கண்ணும்: கட்டத்துக்குள் ஒரு குறுக்குக் கோடு இருந்தால் சூரியன், இரண்டு இருந்தால் கண்.

‘நாய் உறுப்பு சேர்ந்தால் த்ஸாய்1 ஆகிறதே’ என்று பின்னூட்டத்தில் வருவார்கள். உண்மைதான். எழுத்து உருவான காலத்து உச்சரிப்பு இன்று இல்லை. ஒலி உறுப்பை வைத்து ஊகிக்கலாம், உறுதி சொல்ல முடியாது. தொனியை அது காப்பதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் தொனியைச் சொல்லோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மனநிலை ஷின்1ச்சிங்2, வெயில் நாள் ச்சிங்2தியன்1. கண்மணி எழுத்து தனியே வருவது அரிது. யென்3ஜிங் (கண்) என்ற சொல்லில் வரும்போது தொனியை இழந்துவிடும். ‘நட’ என்ற ஷிங்2 எழுத்தே வங்கி என்ற சொல்லில் யின்2ஹாங்2 என்று ஒலிக்கும். இதெல்லாம் தனி எழுத்தை மட்டும் எழுதிய மனப்பாட அட்டையில் தெரியவே தெரியாது.

அட்டையின் முன்பக்கம் சொல்லைச் சீன எழுத்தில் மட்டும் எழுதுங்கள். பின்பக்கம் பின்யின் (உச்சரிப்பை ரோமன் எழுத்தில் எழுதும் முறை), தொனி, உறுப்புகள். வாய்விட்டுச் சொன்ன பிறகே திருப்புங்கள். நாளுக்கு ஐந்து புதிய எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொற்கள் போதும். கையால் எழுதுவது கோட்டு வரிசை பிடிபடும் வரைதான். 2021இல் சீனக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட தரத்தில் முதல் நிலைக்கே 300 எழுத்து, 500 சொல். பழைய எழுத்துகள் புதிய சொற்களில் திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

உச்சரிப்பில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. பின்யினில் ‘ஜி’ (g) என்ற ரோமன் எழுத்து நம் ‘கல்’லில் வரும் க, ‘கே’ (k) என்பது அதே க, கூடவே மூச்சு பலமாக வெளிவரும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்தால் காற்று படுவது தெரியும். ‘ஆர்’ (r) நம் ழகரத்துக்கு மிக அருகில்: மனிதர் ழென்2. இவ்வளவு இருந்தும், தமிழ்வழிச் சீனம் என்று விற்கும் சில புத்தகங்கள் தொனியே போடாமல் அச்சடிப்பது வயிற்றெரிச்சல். தாய் மா1, சணல் மா2, குதிரை மா3, திட்டு மா4: நான்கையும் வெறும் ‘மா’ என்று போட்டால் காசு கொடுத்து வாங்கியவர் என்ன படிப்பார்?

எளிதாக்கிய வடிவம் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கோழி (ஜி1), ஹான் இனம் (ஹான்4), பார் (குவான்1), மகிழ்ச்சி (ஹுவான்1) ஆகியவற்றின் இடப்பக்கம் (ஹானில் மட்டும் வலப்பக்கம்) இரண்டே கோட்டில் ஒரே உறுப்பு இருக்கும். மரபு வடிவத்தில் அங்கே இருந்தவை வேறு, கோடுகள் மிகுந்த உறுப்புகள். அந்த நான்கிலும் ஒலியைத் தேடாமல் சொல்லாகவே படித்துவிடுங்கள்.